காலையில் காபி, ராத்திரி மோர் சாதம்: லண்டனில் அடுப்போடு ஓர் அறை தேடுவது

லண்டனில் சுற்றிப் பார்க்கிற செலவு, போவதற்கு முன் நாம் பயப்படுகிற அளவுக்கு இருக்காது. பிரிட்டிஷ் மியூசியம், நேஷனல் கேலரி, டேட் மாடர்ன், நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியம், சயின்ஸ் மியூசியம் எதற்கும் பொது அனுமதிக்குக் கட்டணம் கிடையாது. ஹைட் பார்க்கில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாலும் யாரும் காசு கேட்கப் போவதில்லை. கையைக் கடிப்பது இரண்டு விஷயங்கள்தான்: ராத்திரி படுக்கை, மூன்று வேளைச் சாப்பாடு. ஒரு பவுண்டு நூறு ரூபாயைத் தாண்டிய பிறகு, நாலு பேர் ஓட்டலில் உட்கார்ந்து எழுந்தால் வருகிற பில்லைப் பார்த்துவிட்டு மனசுக்குள் பெருக்கல் போடாத தமிழர் யாரையும் நான் சந்தித்ததில்லை. அந்த பில்லின் அடியில் 12.5 சதவீத சர்வீஸ் சார்ஜ் சேர்ந்திருப்பதும் அங்கே சாதாரணம்.

அதனால்தான் லண்டன் போகிறேன் என்று சொல்கிற எல்லோரும் அடுத்த மூச்சில், "கிச்சனோட ரூம் ஏதாவது சொல்லேன்" என்கிறார்கள். நான் திருப்பி ஒரு கேள்வி கேட்பேன்: "எந்த வேளைக்குச் சமைக்கப் போறீங்க?"

இது எங்கள் வீட்டில் அத்தை, அதாவது என் மாமியார், கற்றுக்கொடுத்த பாடம். நான், கணவர், ஒன்பது வயது மகள், அத்தை என்று நாலு பேர் கிளம்புவதற்கு முன்னால் நான் பெரிய பட்டியலே போட்டு வைத்திருந்தேன். ஓவன், டிஷ்வாஷர், நாலு பர்னர் அடுப்பு எல்லாம் அதில் உண்டு. அத்தை ஒரே வரியில் முடித்துவிட்டார். "எனக்குக் காலையில காபியும் ராத்திரி மோர் சாதமும் இருந்தா போதும்மா. நடுவுல எங்க வேணா கூட்டிட்டுப் போ."

குறுகிய பயணத்துக்கு அடுப்பு வேண்டியது காலைக்கும் ராத்திரிக்கும் மட்டும். மதியம் நாம் எப்படியும் ஏதாவது மியூசியத்துக்குள் இருப்போம்; அறைக்குத் திரும்பி வந்து சாம்பார் வைக்கப் போவதில்லை. இதை முதலில் ஒப்புக்கொண்டால், எந்த மாதிரி இடம், எந்தப் பகுதி, என்ன விலை என்பதெல்லாம் தானாகத் தெளிந்துவிடும்.

முதலில் கணக்கு

நான் போடுகிற கணக்கு இது. எண்கள் என் தோராயம். நீங்கள் உங்கள் வழக்கத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

வெளியே காலைச் சாப்பாடு ஆளுக்கு 7 பவுண்டு, ராத்திரி உட்கார்ந்து சாப்பிட்டால் 18 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். நாலு பேருக்கு ஒரு நாளைக்கு 100 பவுண்டு. இதே இரண்டு வேளையை அறையில் முடித்தால் ரொட்டி, பால், முட்டை, அரிசி, தயிர், காய்கறி எல்லாம் சேர்ந்து 20 முதல் 25 பவுண்டுக்குள் அடங்கும். மிச்சம் 75 பவுண்டு. ஆக, அடுப்பு உள்ள இடம் சாதாரண ஓட்டலைவிட ஒரு ராத்திரிக்கு 75 பவுண்டுக்குக் குறைவாகக் கூடுதல் என்றால் நமக்கு லாபம்.

நாலு பேருக்கு இன்னொரு லாபமும் இருக்கிறது. மலிவு ஓட்டல்களில் ஃபேமிலி ரூம் என்பது பெரும்பாலும் இரண்டு பெரியவர், இரண்டு சிறுவர் என்ற கணக்கு. எங்களைப் போல மூன்று பெரியவரும் ஒரு குழந்தையும் என்றால் பல இடங்களில் இரண்டு அறை போடச் சொல்வார்கள். ஒரு பெட்ரூமும் ஹாலில் சோஃபா பெட்டும் உள்ள சின்ன ஃபிளாட், அந்த இரண்டு அறைகளின் வாடகையைவிடக் குறைவாகவே அமைவது உண்டு.

இரண்டே பேர், மூன்றே ராத்திரி என்றால் கணக்கு தலைகீழ். மிச்சமாவது ஒரு நாளைக்கு 35 பவுண்டு இருந்தால் அதிகம். தனியார் வீடுகளில் துப்புரவுக் கட்டணம் என்று ஒரு தொகை மொத்தமாகச் சேரும்; நீங்கள் இரண்டு நாள் தங்கினாலும் பத்து நாள் தங்கினாலும் அது மாறாது. 60 பவுண்டு என்றால், மூன்று ராத்திரிக்கு நாளொன்றுக்கு 20 பவுண்டு, ஏழு ராத்திரிக்கு 9 பவுண்டுக்கும் கீழே. நிறைய வீட்டுக்காரர்கள் ஏழு ராத்திரியிலிருந்து வாரத் தள்ளுபடியும் தருகிறார்கள். ஆறு ராத்திரிக்கு விலை பார்த்தால், கூடவே ஏழுக்கும் போட்டுப் பாருங்கள். சில சமயம் வித்தியாசமே இருக்காது.

என்னென்ன வகை இருக்கிறது

*அபார்ட்ஹோட்டல்.* ரிசப்ஷன் உண்டு, அறைக்குள் அடுப்பு, மைக்ரோவேவ், ஃபிரிட்ஜ், பாத்திரமும் உண்டு. சிட்டடீன்ஸ், அடாஜியோ, ஸ்டேசிட்டி போன்ற சங்கிலி நிறுவனங்கள் லண்டனில் இருக்கின்றன. துப்புரவுக் கட்டணத் தொல்லை பொதுவாக இல்லை. நள்ளிரவில் போய் இறங்கினாலும் சாவி கொடுக்க ஆள் இருப்பார். முதல் தடவை போகிறவர்களுக்கும் வயதானவர்களோடு போகிறவர்களுக்கும் நான் இதைத்தான் முதலில் சொல்வேன். நகர நடுவில் விலை எகிறும். கொஞ்சம் தள்ளிப் போனால் இறங்கும்.

*பழைய வீட்டு ஸ்டூடியோ.* பேஸ்வாட்டர், பாடிங்டன், ஏர்ல்ஸ் கோர்ட் பக்கம் வெள்ளை வெளேர் என்று வரிசையாக நிற்கும் விக்டோரியா காலத்து வீடுகளில் பலவற்றைச் சிறு ஸ்டூடியோக்களாகப் பிரித்திருக்கிறார்கள். படத்தில் முகப்பு அரண்மனை மாதிரி இருக்கும். உள்ளே கட்டிலுக்கும் அடுப்புக்கும் நடுவே இரண்டடி இடம். லிஃப்ட் இல்லாத கட்டடங்கள் ஏராளம், மாடிப்படியும் குறுகல். இரண்டு இளசுகளுக்குச் சரி. முழங்கால் வலி உள்ளவரை நாலாவது மாடிக்கு ஏற்ற வைத்துவிடாதீர்கள்.

*தனியார் வீடு.* கிரேட்டர் லண்டனுக்குள் ஒரு முழு வீட்டை, தனித் திட்ட அனுமதி இல்லாமல், ஒரு காலண்டர் ஆண்டில் 90 ராத்திரிக்கு மேல் குறுகிய கால வாடகைக்கு விடக் கூடாது. 2015-ஆம் ஆண்டின் டீரெகுலேஷன் சட்டம் கொண்டுவந்த வரம்பு இது. அதற்கு முன்னால், 1973-ஆம் ஆண்டுச் சட்டப்படி, குறுகிய வாடகைக்கு விடுவதற்கே அனுமதி தேவைப்பட்டது. ஏர்பிஎன்பி 2017 முதல் தன் தளத்திலேயே 90 ராத்திரி ஆனதும் முழு வீட்டுப் பதிவை நிறுத்திவிடுகிறது. வருடக் கடைசியில் நன்றாக இருந்த சில வீடுகள் திடீரென்று காணாமல் போக இதுவும் ஒரு காரணம். நவம்பர், டிசம்பர் பயணம் என்றால் சீக்கிரம் போட்டு வைப்பது நல்லது. உரிமையாளர் அங்கேயே குடியிருந்துகொண்டு ஓர் அறையை மட்டும் விட்டால் இந்த வரம்பு வராது. ஆனால் அவர் சமையலறையில் நாம் தாளிக்கலாமா என்பதைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

*கல்லூரி விடுதி.* இதைப் பலர் யோசிப்பதே இல்லை. மாணவர்கள் கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனதும், லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் போன்ற கல்வி நிறுவனங்கள் தங்கள் விடுதி அறைகளைப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகின்றன. ஜூலை, ஆகஸ்ட் மாதங்கள்தான் இதற்குத் தோது. அறை எளிமையாக இருக்கும். சமையலறை பொதுவாக ஐந்தாறு அறைகளுக்குப் பொது. நகரத்தின் நட்ட நடுவில், ஓட்டல் விலை உச்சத்தில் இருக்கிற மாதங்களில், தனியாகவோ இரண்டு பேராகவோ போகிறவர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. பாத்திரம் தருவார்களா என்று மட்டும் முன்கூட்டிக் கேளுங்கள். மாணவர்கள் தங்கள் சட்டி பானையை எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள்.

எந்தப் பக்கம்

லண்டன் ரயில் கட்டணம் மண்டலக் கணக்கு. நடுவே ஒன்று, வெளியே போகப் போக எண் கூடும். பலர் மண்டல எண்ணை வைத்தே தூரத்தை முடிவு செய்கிறார்கள். நான் எந்த ரயில் என்று பார்ப்பேன். 2022 மே மாதம் எலிசபெத் லைன் ஓடத் தொடங்கியதும் கிழக்கு லண்டனின் கணக்கே மாறிவிட்டது. மூன்றாவது, நாலாவது மண்டலத்தில் இருக்கிற மேனர் பார்க், இல்ஃபர்ட் நிலையங்களிலிருந்து ஆக்ஸ்ஃபர்ட் ஸ்ட்ரீட் பக்கம் வந்து சேர அரை மணி நேரம்கூட ஆகாது. அந்த லைனின் எல்லா நிலையங்களிலும் தெருவிலிருந்து பிளாட்ஃபாரம் வரை படியேறாமல் போகலாம் என்பது அத்தைக்குப் பெரிய வரம். பழைய டியூப் (சுரங்க ரயில்) நிலையங்கள் பலவற்றில் அந்த வசதி கிடையாது.

மேனர் பார்க்குக்கும் ஈஸ்ட் ஹாமுக்கும் நடுவே ஓடும் ஹை ஸ்ட்ரீட் நார்த் நம் ஆட்களுக்குத் தெரிந்த தெரு. தோசை மாவு, முருங்கைக்காய், கறிவேப்பிலை, நல்லெண்ணெய் எல்லாம் நடந்து போய் வாங்கலாம். முருகன் கோயிலும் பக்கத்தில் உண்டு. தெற்கே டூட்டிங், வடமேற்கே வெம்ப்ளி, ஆல்பர்டன் பக்கமும் ஈழத்தமிழர் கடைகள் நிறைய. ஆனால் மளிகைக்காக மட்டும் அங்கே தங்க வேண்டியதில்லை. ஒரு தடவை போய் ஒரு வாரத்துக்கு வாங்கி வந்தால் போதும். அந்தப் பகுதிகளில் தங்குவதன் நிஜ லாபம், ராத்திரி சமைக்கத் தெம்பில்லாத நாளில் இட்லியோ கொத்துரொட்டியோ நகர நடுவைவிட மலிவாகக் கிடைப்பதுதான்.

வார இறுதிப் பயணமாக இருந்தால் சிட்டி, கேனரி வார்ஃப் பக்கமும் தேடுங்கள். வங்கிக்காரர்களை நம்பி நடக்கும் பகுதிகள் இவை. வெள்ளி ராத்திரி அவர்கள் கிளம்பியதும் அறை விலை இறங்கும். திங்கள் முதல் வியாழன் வரை அங்கே நமக்கு வேலையில்லை.

போக்குவரத்தில் குடும்பங்களுக்கு இரண்டு சலுகைகள். பதினோரு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகள், நாலு பேர் வரை, கட்டணம் செலுத்தும் ஒரு பெரியவரோடு டியூபில் இலவசமாகப் போகலாம். பதினொன்று முதல் பதினைந்து வயதுக்குள் என்றால், ஆய்ஸ்டர் என்ற பயணக் கார்டில் யங் விசிட்டர் சலுகையை ஏற்றித் தரும்படி நிலைய ஊழியரிடம் கேளுங்கள். பதினான்கு நாள் வரை பாதிக் கட்டணம். பெரியவர்களுக்கு ஆளுக்கு ஒரு கார்டு வேண்டும்; ஒரே கார்டைத் தட்டி இரண்டு பேர் நுழைய முடியாது. வார நாளில் காலை ஆறரை முதல் ஒன்பதரை வரை டியூப் கட்டணம் கூடுதல். அறையிலேயே நிதானமாகத் தோசை சாப்பிட்டுவிட்டு ஒன்பதரைக்குப் பிறகு கிளம்பினால், அங்கேயும் சில பவுண்டுகள் மிச்சம்.

படத்தில் எதைப் பார்ப்பது

கட்டிலையும் ஜன்னல் காட்சியையும் பார்த்து மயங்காமல், சமையல் மூலை இருக்கிற படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அடுப்பு நிஜமாகவே இருக்கிறதா? மைக்ரோவேவும் கெட்டிலும் வைத்துவிட்டு கிச்சனெட் என்று போடுகிற இடங்கள் உண்டு. காபிக்கு அது போதும். ஃபில்டரையும் பொடியையும் கையோடு கொண்டுபோனால் கெட்டில் வெந்நீரிலேயே டிகாக்‌ஷன் இறங்கிவிடும். சாதத்துக்கு மைக்ரோவேவ் சமாளிக்கும். ரசத்துக்குத் தாளிக்க அடுப்புதான் வேண்டும்.

அடுப்பு வழவழவென்று கறுப்புக் கண்ணாடியாக இருந்தால் அது இண்டக்‌ஷனாக இருக்கக்கூடும். ஊரிலிருந்து கொண்டுபோகும் அலுமினியக் குக்கர் அதில் சூடேறாது. ஃபிரிட்ஜ் காந்தத்தைப் பாத்திரத்தின் அடியில் வைத்துப் பாருங்கள், ஒட்டினால் கொண்டுபோகலாம்.

அடுத்து, புகை. அங்கே அறைக்குள் அடுப்புக்குச் சில அடி தள்ளிப் புகை அலாரம் இருக்கும். வரமிளகாயும் கடுகும் வெடிக்கிற தாளிப்பு அதற்குப் பழக்கமில்லாத வாசனை. சில கட்டடங்களில் ஓர் அறையில் அலறினால் மொத்தக் கட்டடமும் பைஜாமாவோடு தெருவுக்கு வர வேண்டியிருக்கும். புகைபோக்கி இருக்கிறதா, திறக்கக்கூடிய ஜன்னல் இருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டும் இல்லை என்றால், தாளிப்பை ஊரிலேயே வறுத்துப் பொடியாக்கிக் கொண்டுபோய்விடுங்கள். பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், ரசப்பொடி மூன்றும் இருந்தால் ஒரு வாரம் ஓடிவிடும்.

நான் பணம் கட்டுவதற்கு முன் அனுப்புகிற கேள்விகள் இவை: அடுப்பு எத்தனை பர்னர், இண்டக்‌ஷனா? சாதம் வடிக்கிற அளவுக்குப் பாத்திரம் உண்டா? லிஃப்ட் உண்டா, எத்தனை படி ஏற வேண்டும்? சோஃபா பெட்டில் பெரியவர் படுக்க முடியுமா? துணி துவைக்கும் மெஷின் உண்டா? மெஷின் சமையலறை மேடைக்கு அடியிலேயே இருக்கும், அது அந்த ஊர் வழக்கம். பதில் வருகிற வேகமும் தெளிவுமே அந்த இடத்தைப் பற்றிப் பாதி சொல்லிவிடும்.

கொண்டுபோவதும் வாங்குவதும்

இந்தியாவிலிருந்து போகிறவர்கள் இறைச்சியும் பால் பொருட்களும் பிரிட்டனுக்குள் கொண்டுபோக முடியாது. நெய், பால்கோவா எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். பொடிகள், பருப்பு, காபித்தூள் போதும். மின்சாரம் நம்மைப் போலவே 230 வோல்ட். பிளக் மட்டும் வேறு, மூன்று செவ்வக முள். அடாப்டர் ஊரிலேயே வாங்கிவிடுங்கள்.

போய் இறங்குவது ஞாயிற்றுக்கிழமையா? இங்கிலாந்தில் 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் ஞாயிறன்று, காலை பத்துக்கும் மாலை ஆறுக்கும் இடையில், ஆறு மணி நேரம் மட்டுமே திறக்கலாம். 1994-ஆம் ஆண்டுச் சட்டம். சாயங்காலம் போய்ப் பெரிய டெஸ்கோ சூப்பர்மார்க்கெட் மூடியிருக்கிறதே என்று நிற்க வேண்டாம். சின்னக் கடைகள் திறந்திருக்கும், விலைதான் கொஞ்சம் கூட. வாரத்துக்கு வாங்க ஆல்டி, லிடில் இரண்டும் மலிவு. டெஸ்கோவில் கிளப்கார்டு இருந்தால் பல பொருட்களுக்குக் குறைந்த விலை. அந்தக் கார்டு இலவசம். பைக்குக் காசு உண்டு, மஞ்சப்பை இரண்டைப் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள்.

பால் வாங்கும்போது மூடி நிறம் பாருங்கள். நீலம் கொழுப்பெடுக்காத பால், பச்சை பாதி எடுத்தது, சிவப்பு முழுக்க எடுத்தது. காபிக்கு நீலம்தான். சைவக்காரர்களுக்கு நம்மூர்ப் பச்சைப் புள்ளி அங்கே கிடையாது. சைவம் என்று எழுதியிருக்கிறதா என்று லேபிளில் தேட வேண்டும். சில பழத் தயிர்களில் ஜெலட்டின் இருக்கும். மோர் சாதத்துக்குச் சர்க்கரை சேர்க்காத வெறும் தயிர் டப்பாதான் சரி.

குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம். ஆனால் லண்டன் தண்ணீர் சுண்ணாம்புச் சத்து நிறைந்த கடினநீர். துவரம்பருப்பு வேகச் சண்டித்தனம் பண்ணும். குக்கர் இல்லாமல் அதனோடு மல்லுக்கட்டாமல், பாசிப்பருப்பு அல்லது மைசூர்ப் பருப்பு வாங்குங்கள்.

பணம் கட்டும் முன்

விசா விண்ணப்பத்தில் எங்கே தங்கப் போகிறீர்கள் என்று கேட்பார்கள். அதற்காக அவசரப்பட்டு, ரத்து செய்தால் பணம் திரும்பாத அறையைப் போட வேண்டாம். இலவசமாக ரத்து செய்யக்கூடிய ஒன்றைப் பிடித்து வைத்து, விசா கையில் வந்த பிறகு மலிவானது கிடைத்தால் மாற்றுங்கள். 2025 ஏப்ரல் முதல், கட்டாயக் கட்டணங்களைக் கடைசிப் பக்கம் வரை மறைத்து வைக்கக் கூடாது என்று பிரிட்டனில் சட்டம் வந்திருக்கிறது. ஆகவே துப்புரவுக் கட்டணம் உட்பட மொத்த விலை முதலிலேயே தெரிய வேண்டும். யாராவது, "தளத்துக்கு வெளியே பேங்க்ல நேரா போடுங்க, குறைச்சுத் தரேன்" என்றால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

அறைக்குள் நுழையும் நேரம் பெரும்பாலும் மாலை மூன்று மணி. காலை விமானத்தில் இறங்கினால் பெட்டியை எங்கே வைப்பது என்று கேட்டு வையுங்கள். அபார்ட்ஹோட்டலில் வாங்கி வைத்துக்கொள்வார்கள்; ஆளில்லாத தனியார் ஃபிளாட்டில் அது சந்தேகம்.

அடுப்பு வேண்டாதவர்கள்

இரண்டு மூன்று ராத்திரி தங்குகிறவர்கள், ராத்திரி பத்து மணிக்கு நாடகம் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள், ஊரிலும் சமைக்காதவர்கள்: இவர்களுக்கு நல்ல இடத்தில் ஒரு சாதாரண ஓட்டல் அறையே மேல். கெட்டில் அங்கேயும் இருக்கும். வீட்டில் சமைக்கிற ஒரே ஆள் பயணத்திலும் சமைத்துப் பாத்திரம் தேய்க்கப் போகிறார் என்றால், மிச்சமாகும் பவுண்டை யார் சம்பாதித்தார்கள் என்பதையும் பேசிக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் கிளம்புவதற்கு முன்பே தீர்மானம் ஆகிவிட்டது: காபி அத்தை, சாதம் நான், பாத்திரம் கணவர், மேசை துடைப்பது மகள். உங்கள் வீட்டில் இந்தப் பட்டியல் முடிவாகவில்லை என்றால் அடுப்பு உள்ள அறையைத் தேடவே ஆரம்பிக்காதீர்கள்.